லாரி நிழலில் பஞ்சர் ஒட்டாதீர்கள்

வட சென்னையில், தண்டையார்பேட்டையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மணலி கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிறவர்கள், விடிவதற்கு முன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள், பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை ஓட்டும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் வரை போய்வரும் கியர் சைக்கிள்காரர்கள் எனப் பலரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வண்டி எங்கே நின்றது, அங்கே என்ன செய்தீர்கள் என்று எல்லாரிடமும் கேட்பேன். பஞ்சர் ஒட்டினால் சரியாகிவிடும், அதில் எனக்குக் கவலை இல்லை. எந்த இடத்தில் உட்கார்ந்து அதை ஒட்டப் பார்த்தார்கள் என்று சொல்லும்போதுதான் வயிறு கலங்குகிறது.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கமும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓரமாக வரிசைகட்டி நிற்கும். மரம் குறைவு, வெயிலோ கொளுத்தும். வண்டி நின்றவுடன் கண் நிழலைத் தேடும். கிடைக்கிற நிழல் டிரெய்லருடையதுதான். இரண்டு டிரெய்லருக்கு நடுவே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வரிசை நகர்ந்தால் லாரியும் நகரும். டிரைவர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒட்டிக் கீழே குனிந்திருப்பவரும், இடப்பக்கச் சக்கரத்தருகே இருப்பவரும், நேர் பின்னால் இருப்பவரும் அவர் கண்ணில் படமாட்டார்கள். லாரி திரும்பும் தெரு முனையில் நிற்பதும் இதே அளவு ஆபத்து. டிரெய்லர் இடதுபுறம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஓரமாகத்தானே நிற்கிறோம் என்று நினைப்பவர் சரியாக அந்த இடத்தில்தான் நிற்பார்.

ஆகவே வண்டி நின்றதும் முதல் வேலை இடம் மாறுவது. ரிப்பேர் அப்புறம். சாலைப் பக்கம் சைக்கிள், உள்பக்கம் நீங்கள் என்று வைத்துக்கொண்டு பக்கத்துத் தெரு, பெட்ரோல் பங்கு, டீக்கடை வாசல் எதுவரை முடியுமோ அதுவரை தள்ளுங்கள். மணலியில் கம்பெனி மதில்தான் நீளமாகப் போகும், கேட்டில் செக்யூரிட்டி இருக்கும் இடம்வரை நடங்கள். காற்றில்லாமல் தள்ளினால் டியூப் வீணாகிவிடுமே என்று பலர் கேட்கிறார்கள். ஆள் ஏறாமல் மெதுவாகத் தள்ளினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஆகட்டும், புது டியூப் போட்டுக்கொள்ளலாம்.

நல்ல இடத்துக்கு வந்தபிறகும் உடனே டயரைக் கழற்ற வேண்டாம். சாதா சைக்கிளின் வால்வுக்குள் சின்னதாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். வெயிலில் நாளாக ஆக அது வெடித்துக் காற்று இறங்கும். கொஞ்சம் காற்றடித்து, வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் ரப்பரை மாற்றினால் போதும். பஞ்சரே ஆகியிருந்தால், ஒட்டும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். தேய்ந்த லாரி டயரிலிருந்து மயிரிழை மாதிரிக் கம்பிகள் சாலையில் உதிர்ந்து கிடக்கின்றன. அது டயரில் குத்தியபடியே இருக்கும். எடுக்காமல் ஒட்டினால் கொஞ்ச தூரத்தில் மறுபடி இறங்கிவிடும். வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.

லாரி பஞ்சர் கடைக்காரர்கள் இந்தப் பக்கத்தில் பெரிய உதவி. ராத்திரியிலும் திறந்திருக்கும் கடைகள் உண்டு, டியூப்பை ஒட்டிக் கொடுப்பார்கள். கம்ப்ரஸர் காற்றில் மட்டும் கவனம் வேண்டும். லாரி டயருக்கு 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிப்பார்கள், அகலமான சைக்கிள் டயருக்குப் பெரும்பாலும் 40 முதல் 65 வரைதான். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும், பாருங்கள். விட்டுவிட்டு அடிக்கச் சொல்லி, நடுநடுவே அழுத்திப் பாருங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள், அது இல்லாமல் அங்கே காற்று ஏறாது.

செயின் அறுந்தால், டயர் கிழிந்தால் அங்கேயே போராடாதீர்கள். காருக்கும் பைக்குக்கும் இன்ஷூரன்ஸோடு சாலையோர உதவி வாங்கலாம். சைக்கிளுக்கு மோட்டார் இன்ஷூரன்ஸ் கிடையாது, அந்த வழி நமக்கு இல்லை. ஆனால் மீன்பாடி வண்டி, லோடு ஆட்டோ, குட்டியானை எல்லாம் நம் ஊரில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள், வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லையென்றால் தெரிந்த கடையில் பூட்டி வைத்துவிட்டு விம்கோ நகரிலோ திருவொற்றியூரிலோ ரயிலேறி வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து எடுங்கள். பைக்கில் போகிற நண்பரின் தோளைப் பிடித்துக்கொண்டு மட்டும் வராதீர்கள். அவர் பிரேக் போட்டால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

அடிபட்டிருந்தால் 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம். தமிழ்நாட்டுக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவசம். 2021-லிருந்து இருக்கிறது, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. காசில்லையே என்று தயங்கவே வேண்டாம். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவரையும் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாக்கிறது. இடித்த வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் போனவரும் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸிலிருந்து இழப்பீடு கேட்கலாம். இது தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் விட்டுவிடுகின்றன.

மணலியிலும் எண்ணூரிலும் கம்பெனி நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆட்கள் பலர் சைக்கிளில்தான் வருகிறார்கள், நைட் ஷிப்டு முடிந்து இருட்டில்தான் திரும்புகிறார்கள். கேட்டில் ஒரு கைபம்ப், பேட்ச், சொல்யூஷன் டியூப், வால்வு ரப்பர் கொஞ்சம், ஒரு டார்ச் லைட் போட்டு ஒரு பெட்டி வையுங்கள். திறந்த சொல்யூஷன் காய்ந்துவிடும், அவ்வப்போது மாற்றச் சொல்லுங்கள். ஒட்டத் தெரியாதவர்களுக்குக் கடைக்கு வந்தால் கற்றுக்கொடுக்கிறேன், காசு வேண்டாம்.