சொலிசிட்டர் ஆக ஆசையா? ராஜினாமா கடிதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி போன் செய்தார். "அக்கா, வேலையை விட்டுட்டேன். இனி முழு நேரமும் எஸ்.க்யூ.ஈ. படிக்கப் போறேன்" என்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரர்களுக்குச் சட்ட ஆலோசனை தரும் வழக்கறிஞர், ஆவதற்கான தேர்வு அது. பொறியியல் பட்டதாரி, முப்பத்து மூன்று வயது, சட்டம் படித்தவர் இல்லை. லண்டனில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், கொள்முதல் பிரிவில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவர், ஒப்பந்தங்களைப் படிப்பதும் ஒப்பந்தக்காரர்களோடு வரும் தகராறுகளுக்குக் கடிதம் தயாரிப்பதும்தான் அவருடைய அன்றாடம், அந்தத் தகராறுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருந்த கவுன்சிலின் சொலிசிட்டர்களிடம். வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் விட்டுவிட்டு வந்த அந்த மேசையிலேயே அவருக்குத் தேவையான பாதி இருந்தது.

நானும் இப்படித் தடம் மாறி வந்தவள்தான். ஒன்பது ஆண்டு மருந்தகத்தில் மருந்தாளராக இருந்துவிட்டு, மாலை வகுப்பில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கான சட்டப் படிப்பான ஜி.டி.எல்., அப்புறம் சொலிசிட்டர் வேலைக்கான எல்.பி.சி. என்று படித்து, அறுபதுக்கு மேல் விண்ணப்பம் போட்டு, கடைசியில் ஒரு சின்ன அலுவலகம் இரண்டு ஆண்டுப் பயிற்சி ஒப்பந்தம் கொடுத்ததால் உள்ளே நுழைந்தேன். அந்தக் காலத்தில் அந்த ஒப்பந்தம்தான் கதவு. படிப்பை முடித்துவிட்டு, அது கிடைக்காமல் அங்கேயே நின்றுபோன திறமைசாலிகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

2021 செப்டம்பரில் இங்கிலாந்து, வேல்ஸுக்கான விதி மாறியது. சொலிசிட்டர்களைக் கட்டுப்படுத்தும் எஸ்.ஆர்.ஏ. இப்போது கேட்பவை நான்கு. ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, எஸ்.க்யூ.ஈ. தேர்வின் இரண்டு பகுதிகள், இரண்டு ஆண்டு முழுநேரத்துக்குச் சமமான பணி அனுபவம், நன்னடத்தை. பட்டம் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கியதாக இருந்தால் அது இங்குள்ள பட்டத்துக்கு இணை என்று, வெளிநாட்டுத் தகுதிகளை மதிப்பிடும் யூ.கே. எனிக் அமைப்பு தரும் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பட்டமே இல்லாதவர்களுக்கு வேலை செய்துகொண்டே படிக்கும் அப்ரண்டிஸ்ஷிப் வழி உண்டு, ஆனால் 2026 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் அந்த உயர்மட்ட அப்ரண்டிஸ்ஷிப்புக்கான அரசு நிதியைப் பெரும்பாலும் 16 முதல் 21 வயதினருக்கு என்று சுருக்கிவிட்டார்கள், அதனால் நடுவயதில் தொழில் மாறுபவர்கள் அதை நம்பித் திட்டம் போட முடியாது. இந்தியாவிலோ இலங்கையிலோ ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர்கள் வேறு கணக்கு, அவர்களிடம் இந்த இரண்டு ஆண்டு அனுபவத்தைக் கேட்பதில்லை.

தேர்வைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் பகுதி இரண்டு தாள், தாளுக்கு 180 கேள்வி, மொத்தம் 360. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை, அதில் பொருந்தக்கூடியவற்றுள் மிகச் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், புத்தகம் பார்க்கக் கூடாது. ஒப்பந்தச் சட்டம், நிலச் சட்டம், ஒருவர் பிறருக்காகச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் டிரஸ்ட், குற்றவியல், உயில், வீடு வாங்கல் விற்றல், கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைப்பது வரை எல்லாம் அதற்குள் வரும். இரண்டாவது பகுதி வேலைத்திறனைப் பார்ப்பது, 12 எழுத்துப் பயிற்சி, 4 வாய்மொழிப் பயிற்சி. முதல் சோதனை எழுதிய நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புத்தான். முதல் பகுதியில், 2021 நவம்பரில் நடந்த முதல் தேர்வில் 53 சதவீதம் பேர் தேறினார்கள், 2024 ஜூலையில் 44 சதவீதம். தொடக்கத்தில் இரண்டு பகுதிக்கும் சேர்த்து 3,980 பவுண்டாக இருந்த கட்டணம் 2024-ல் 4,790 ஆகிவிட்டது, பயிற்சி வகுப்புக்கான செலவு தனி. சட்டம் படிக்காதவர் முதலில் மாற்றுப் படிப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும் என்று எஸ்.ஆர்.ஏ. கேட்பதில்லை. ஆனால் டிரஸ்ட் என்றால் என்ன என்றே தெரியாமல் மூன்று மாதப் பயிற்சி வகுப்பில் போய் உட்காராதீர்கள். அந்த மாற்றுப் படிப்பான பி.ஜி.டி.எல்.லைப் பகுதி நேரமாகப் படிப்பது நல்லது, பெரிய நிறுவனங்கள் பலவும் அதை எதிர்பார்க்கின்றன.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. அந்த இரண்டு ஆண்டு அனுபவம், அதாவது க்யூ.டபிள்யூ.ஈ. இதைத்தான் நம் ஆட்கள் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பயிற்சி ஒப்பந்தம் என்ற பெயரில்தான் அது இருக்க வேண்டும் என்பதில்லை. பாராலீகலாக, அதாவது சொலிசிட்டர்களுக்கு உதவும் சட்டப் பணியாளராக, வேலை பார்த்தது சேரும், பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் செய்தது சேரும், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் தன்னார்வமாகச் செய்ததும் சேரும். அதிகபட்சம் நான்கு இடங்களில் செய்ததைக் கூட்டிக்கொள்ளலாம், பகுதி நேரம் என்றால் அந்த விகிதத்தில் கணக்கு, முன்பு செய்த வேலையையும் எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை இரண்டுதான், அது சட்ட சேவையோடு தொடர்புள்ள உண்மையான வேலையாக இருக்க வேண்டும், எஸ்.ஆர்.ஏ. வகுத்திருக்கும் சொலிசிட்டர் திறன்களில் குறைந்தது இரண்டை வளர்த்துக்கொள்ள இடம் தந்திருக்க வேண்டும்.

அதற்குக் கையெழுத்துப் போடுபவர் இங்கிலாந்து, வேல்ஸ் சொலிசிட்டர், அல்லது அந்த நிறுவனத்தில் விதிப்பின்பற்றலுக்குப் பொறுப்பான அதிகாரி. நிறுவனத்துக்குள் அப்படி யாரும் இல்லை என்றால் உங்கள் வேலையை நேரடியாக அறிந்த வெளி சொலிசிட்டரும் போடலாம். அவர் சொல்வது மூன்றுதான். இவ்வளவு காலம் வேலை செய்தார், திறன்களை வளர்க்க வாய்ப்பு இருந்தது, நடத்தையில் கேள்வி எழவில்லை. நீங்கள் கெட்டிக்காரர் என்று அவர் சான்று தர வேண்டியதில்லை. பல சொலிசிட்டர்களுக்கே இது தெரியாமல், "உன் திறமைக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது?" என்று பயந்து மறுக்கிறார்கள். கேட்கப் போகும்போது இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

என்னிடம் கையெழுத்துக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது குறிப்பேட்டை. மருந்தகத்தில் கை நழுவப் பார்த்த சின்னப் பிழையைக்கூட அன்றே எழுதிவைப்போம், அந்தப் பழக்கம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. வாரம் ஒரு முறை பத்து நிமிடம் போதும். எந்த மாதிரி விவகாரம், நீங்கள் என்ன செய்தீர்கள், யார் திருத்தினார், திருத்தியதில் என்ன கற்றீர்கள். கட்சிக்காரர் பெயர், முகவரி எதுவும் அதில் வரக்கூடாது. ஒரு வீட்டுவசதிச் சங்கத்தில் வாடகை நிலுவை பார்க்கும் பெண் ஒருவர் மூன்று ஆண்டு இப்படி எழுதிவைத்திருந்தார், நீதிமன்றத்துக்கான ஆவணக் கட்டு தயாரித்தது முதல் குடியிருப்பவரோடு தவணை பேசி முடித்தது வரை. அவர்களுடைய சொலிசிட்டர் ஒரே மாலையில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் ஒருநாள்கூட வேலையை விடவில்லை.

இன்னொன்று, இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பணம் கொடுத்தால் அனுபவத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லும் ஆட்களைப் பற்றி என்னிடம் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவது நேர்மைக் கேடு. போட்டவருடைய பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம், வாங்கியவருக்குக் கதவு நிரந்தரமாக மூடலாம். நன்னடத்தைச் சோதனையில் பழைய கடன் சிக்கலோ இளவயதில் செய்த தவறோ இருந்தால்கூடத் திறந்து சொன்னவர்களுக்கு வழி பிறக்க இடமுண்டு, மறைத்தது தெரிந்தால் அந்த மறைப்பே பெரிய குற்றமாகிவிடும். சந்தேகம் இருப்பவர்கள் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே எஸ்.ஆர்.ஏ.விடம் முன்கூட்டிய மதிப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். மேல் மாடியில் அவரோடு வேலை செய்த சொலிசிட்டருக்கு எழுதச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், உடனே பதில் போட்டார். ஆனால் தம்பியின் கையில் குறிப்பு எதுவும் இல்லை, மின்னஞ்சல்கள் எல்லாம் கவுன்சிலின் சொத்து, வேலையை விட்ட அன்றே உள்ளே போகும் அனுமதியும் போய்விட்டது. இருவரும் நினைவிலிருந்து எடுத்தும், அந்தச் சொலிசிட்டர் தம் பக்கத்துக் கோப்புகளைப் பார்த்தும், ஒப்பந்தத் தகராறுகளில் சேர்ந்து வேலை செய்த 14 மாதத்தை மட்டும் உறுதிப்படுத்த முடிந்தது. மீதி ஐந்து ஆண்டுக்கும் மேலான வேலைக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை, முன்பு அங்கிருந்தவர்கள் எப்போதோ இடம் மாறிப் போய்விட்டார்கள். இன்னும் பத்து மாதம் வேண்டும். இப்போது பகலில் பாராலீகல் வேலை தேடிக்கொண்டும், இரவில் நிலச் சட்டம் படித்துக்கொண்டும் இருக்கிறார். நேற்று பேசும்போது, கிடைக்கிற வேலையில் முதல் நாளே எழுதத் தொடங்க ஒரு நோட்டு வாங்கிவைத்திருப்பதாகச் சொன்னார்.