சொல் விளக்கம்: தளர் கொத்துகளின் உயர் பிரிதிறன் நிறமாலையியல்

'ஓப்பன் கிளஸ்டர் விண்மீன்களின் ஹை-ரெசல்யூஷன் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி' என்ற தொடரைத் தமிழில் எழுத நாலு சொல் போதும்: தளர் கொத்து, உயர் பிரிதிறன், நிறமாலையியல். மூன்றுதான் ஆயிற்று, நாலாவது விண்மீன், அது நமக்கு எப்போதும் உண்டு. இந்தச் சொற்களை ஏன் இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பார்த்தாலே, வானியலாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் பாதி விளங்கிவிடும்.

ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல். 'பார்' என்று பொருள்படும் ஸ்பெக்கெரெ என்ற வினையிலிருந்து வந்தது. 'கண்ணுக்குத் தெரிவது, தோற்றம்' என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் முதலில் ஆவித்தோற்றத்தைக் குறித்தது. சூரிய ஒளியை முப்பட்டகத்தில் செலுத்திச் சுவரில் விழுந்த வண்ணப் பட்டையை ஐசக் நியூட்டன் 1672இல் அச்சான தம் கட்டுரையில் அந்தச் சொல்லால் அழைத்தார். அன்றிலிருந்து அது ஒளியியலின் சொல். பின்பாதியான ஸ்கோப்பி, 'உற்று நோக்கு' என்ற கிரேக்க வினையிலிருந்து வருகிறது. லத்தீனும் கிரேக்கமும் ஒட்டிய இந்தச் சொல்லின் இரண்டு பாதியும் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவை என்று மொழியியலாளர் சொல்கிறார்கள்.

தமிழில் நாம் போன வழி வேறு. நிறமாலை என்ற சொல்லில் பார்ப்பவரே இல்லை. பார்க்கப்படுவது மட்டும் இருக்கிறது. மாலை என்றால் தொடுத்த பூ மட்டும் இல்லை, வரிசை என்றும் பழைய பொருள் உண்டு. சிவப்புக்குப் பிறகு ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள் என்று அலைநீள ஒழுங்கில் நிறங்கள் நிற்பதை 'மாலை' சரியாகச் சொல்லிவிடுகிறது. லத்தீன் சொல்லில் இந்த ஒழுங்கு இல்லவே இல்லை. இலங்கைப் பாடநூல்களில் ஸ்பெக்ட்ரத்துக்குத் திருசியம் என்ற சொல்லும் வழங்குகிறது. 'காணப்படுவது' என்ற பொருளுள்ள வடசொல் அது, மூலத்துக்கு நெருக்கமானது. முப்பட்டகத்தை அங்கே அரியம் என்பார்கள், அது அழகான சொல். ஆனால் திருசியத்தை விட நிறமாலைக்கே என் ஓட்டு.

ஒரு மறுப்பு உண்டு. அகச்சிவப்பிலும் எக்ஸ் கதிரிலும் கண்ணுக்குத் தெரியும் நிறம் ஏது? அதனால் 'அலைமாலை' என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். நியாயம்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து புழங்கி வேர்விட்ட சொல்லை இதற்காகப் பிடுங்க வேண்டியதில்லை. நிறமாலை, அதை ஆராயும் துறை நிறமாலையியல், அளக்கும் கருவி நிறமாலைமானி, பதிவு செய்யும் கருவி நிறமாலைவரைவி என்று ஒரு குடும்பமே அதிலிருந்து கிளைத்துவிட்டது.

விண்மீனின் நிறமாலையில் வானியலாளர் தேடுவது நிறத்தை விட, நிறங்களுக்கு நடுவே உள்ள கருங்கோடுகளை. ஜெர்மானியக் கண்ணாடி வினைஞர் யோசப் ஃபிரௌன்ஹோஃபர் 1814 முதல் சூரிய நிறமாலையில் இவற்றை நூற்றுக்கணக்கில் குறித்து வைத்தார். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு என்பதை இயற்பியலாளர் கிர்க்காஃபும் வேதியியலாளர் புன்சனும் 1859இல் ஹைடல்பெர்கில் நிறுவினார்கள். அந்த முறையிலேயே அவர்கள் கண்டுபிடித்த சீசியத்துக்கும் ருபீடியத்துக்கும் பெயர் வந்ததுகூடக் கோடுகளின் நிறத்தால்தான்: ஒன்று வானீலம், மற்றது செஞ்சிவப்பு.

அடுத்தது கொத்து. 'விண்மீன் கூட்டம்' என்று சிலர் எழுதுகிறார்கள், அதை விட்டுவிடலாம். கூட்டம் என்பது தற்செயலாகச் சேர்வது. ராசி உருவங்களையும் சிலர் விண்மீன் கூட்டம் என்கிறார்கள்; அவற்றின் மீன்களுக்குள் பெரும்பாலும் எந்த உறவும் இல்லை, நம் பார்வைக்கு ஒரே திசையில் தெரிகின்றன, அவ்வளவே. கொத்து அப்படியில்லை. ஒரே காம்பில் காய்த்த மாங்காய்க் கொத்து போல, ஒரே வாயு மேகத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த மீன்கள் அவை. வயது ஒன்று, தொலைவு ஒன்று, தொடக்கத்தில் இருந்த வேதிக் கலவையும் ஒன்று.

ஓப்பன் என்பதைத் 'திறந்த கொத்து' என்று நேராகப் பெயர்ப்பதே வழக்கம். திறந்த என்றதும் நமக்குக் கதவும் மூடியும் நினைவுக்கு வருகின்றன. இங்கே மூடுவதற்கு ஒன்றும் இல்லை. லட்சக்கணக்கான மீன்கள் உருண்டையாகச் செறிந்த கோளக் கொத்திலிருந்து பிரித்துக் காட்ட வந்த அடைமொழி அது. இவற்றில் சில நூறு அல்லது சில ஆயிரம் மீன்கள்தான். ஈர்ப்புப் பிடி தளர்வாக இருப்பதால் பெரும்பாலானவை சில பத்துக் கோடி ஆண்டுகளில் சிதறிப்போகும். அதனால்தான் 'தளர் கொத்து' என்கிறேன். இடமும் தளர்வு, பிடியும் தளர்வு என்று இரண்டும் அதில் வந்துவிடுகின்றன.

இந்தக் கொத்துகள் நமக்கு அன்னியமும் இல்லை. சங்கப் புலவர்கள் அறுமீன் என்ற கார்த்திகை ஒரு தளர் கொத்து: சுமார் 440 ஒளியாண்டு தொலைவு, வயது 12 கோடி ஆண்டு அளவில், வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிந்தாலும் உள்ளே ஆயிரத்துக்கும் மேல். பூசமும் கடக ராசியில் உள்ள ஒரு கொத்தின் இடம்தான். கலீலியோ தொலைநோக்கியைத் திருப்பியபோது அந்த மங்கிய புகைத்திட்டு நாற்பதுக்கும் மேற்பட்ட மீன்களாகப் பிரிந்தது. ரோகிணி மட்டும் ஏமாற்றும். செந்நிறமாக மின்னும் ரோகிணி மீன் ஹைடீஸ் என்ற தளர் கொத்தின் நடுவில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது 65 ஒளியாண்டில், கொத்து அதற்கு அப்பால் சுமார் 150 ஒளியாண்டில். நிறமாலையும் இதைக் காட்டிக்கொடுக்கும். கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவைப் பார்த்தால், கொத்தின் மீன்கள் நம்மை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகின்றன, ரோகிணி 54 கிலோமீட்டரில். வழிப்போக்கரைப் பிரித்தெடுக்க இதுதான் முதல் சோதனை.

இப்போது பிரிதிறன். ரெசல்யூஷனுக்குப் படங்களிலும் தொலைக்காட்சியிலும் 'தெளிவுத்திறன்' என்கிறோம். அங்கே அது பொருந்தும். நிறமாலையில் கேள்வி வேறு: ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகளைக் கருவி இரண்டாகக் காட்டுகிறதா, ஒன்றாகக் குழப்புகிறதா? ஆக அது பிரிக்கும் திறன்தான். அலைநீளத்தை, கருவி பிரித்தறியும் மிகச் சிறிய வேறுபாட்டால் வகுத்தால் வரும் எண் அது. சோடியத்தின் புகழ்பெற்ற மஞ்சள் இணை 5,890, 5,896 ஆங்ஸ்ட்ராமில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நிற்கிறது, இடைவெளி 6. பிரிதிறன் 1,000 போதும். லித்தியத்தின் கோடு 6,707.8இல் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே 6,707.4இல் இரும்பின் கோடு. இவற்றைப் பிரிக்க 17,000க்குக் குறையாமல் வேண்டும். நம்பி அளக்க 50,000, 60,000 என்று போகிறார்கள். குறைந்த பிரிதிறனில் பார்த்தால் இரும்பையும் லித்தியக் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

லித்தியத்துக்கு ஏன் இத்தனை அக்கறை? சுமார் 25 லட்சம் கெல்வினிலேயே அது அழிந்துவிடும். மேற்பரப்பில் லித்தியம் குறைந்திருந்தால், அங்குள்ள பொருள் என்றோ உள்ளே போய் வெந்து திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கண்ணால் எட்ட முடியாத விண்மீன் வயிற்றுக்குள் நடக்கும் கலக்கத்தை ஒரு மெல்லிய கோடு சொல்லிவிடுகிறது. ஹைடீஸ் கொத்தில் 6,600 கெல்வின் வெப்பநிலையை ஒட்டிய மீன்களில் மட்டும் லித்தியம் திடீரென அடியோடு சரிந்திருப்பதை 1986இல் கண்டார்கள். அதைவிடச் சூடானவற்றிலும் சற்றுக் குளிர்ந்தவற்றிலும் அது இருக்கிறது. ஹைடீஸின் வயது ஏறக்குறைய 65 கோடி ஆண்டு. இளைய கார்த்திகையில் இந்தப் பள்ளம் இல்லை. அப்படியானால் இது பிறவியிலேயே வந்த குறை இல்லை. ஹைட்ரஜனை எரித்து வாழும் காலத்தில் மெதுவாக உருவாவது. கொத்துகள் இல்லாவிட்டால் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது, ஏனென்றால் தனி மீனின் வயதைக் கணிப்பது அவ்வளவு கடினம். சுமார் 400 கோடி வயதுள்ள எம் 67 கொத்தையும், சூரியனை ஒத்த மீன்களுக்காக, இதே வகையில் துருவித் துருவிப் பார்க்கிறார்கள்.

இந்த வேலைக்கேற்ற கருவி தமிழ்நாட்டிலேயே, ஜவ்வாது மலையின் காவலூரில் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலிருந்து ஒளி இழை வழியாக ஓர் எஷெல் நிறமாலைவரைவிக்குப் போகிறது. ஒளி நுழையும் பிளவைக் குறுக்கினால் பிரிதிறன் 60,000 அளவுக்கு எட்டும். குறுக்கக் குறுக்க ஒளி வீணாகும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. எஷெல் பிரெஞ்சுச் சொல், ஏணி என்று பொருள். மிக நீளமான நிறமாலையைத் துண்டு துண்டாக்கி ஒன்றின் மேல் ஒன்றாகப் படம்பிடிப்பதால் உணரியில் அது ஏணிப் படிகள் மாதிரியே தெரியும். ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கிரேட்டிங்குக்குக் கீற்றணி என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் 'ஏணிக் கீற்றணி' என்று சொல்லிப் பார்க்கலாம்.

எனக்கு இன்னும் நிறைவு தராத சொல் ஒன்று மீதி: மெட்டாலிசிட்டி. வானியலாளர் ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாவற்றையும், கார்பனையும் ஆக்சிஜனையும்கூட, உலோகம் என்றே அழைக்கிறார்கள். 'உலோகத்தன்மை' என்று பெயர்த்தால் மின்கடத்தலும் பளபளப்பும் நினைவுக்கு வரும். 'கனதனிம அளவு' என்பது பொருளை நேராகச் சொல்கிறது. சூரியனை விட ஹைடீஸில் இரும்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று எழுத அது போதும்.