சிண்டாக்ஸ் செக்: தொடரமைப்புச் சரிபார்ப்பு

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் சர்வர்களைப் பராமரிக்கும் தமிழர்கள், சர்வர் எப்படி இயங்கவேண்டும் என்று சொல்லும் உள்ளமைவுக் கோப்பில் ஒரு வரியை மாற்றியதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, ‘சிண்டாக்ஸ் செக் பண்ணியாச்சா?’ என்பதுதான். மாற்றிய கோப்பைச் சர்வர் ஏற்கும் முன்பே, அது உரிய விதிப்படி எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்பதை இது குறிக்கும்.

சிண்டாக்ஸ் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘சின்’ என்றால் ஒருங்கே. ‘டாக்ஸிஸ்’ என்றால் ஒழுங்குபட நிறுத்துதல். படையை அணிவகுத்து நிறுத்துவதற்கும் கிரேக்கர் அச்சொல்லையே ஆண்டனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய இலக்கண அறிஞர் அப்பொலோனியஸ் டிஸ்கொலஸ், சொற்கள் தொடராக இணையும் முறையை இப்பெயரிலேயே ஆராய்ந்தார். இலத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தை அடைந்த இச்சொல், 1959இல் அல்கால் நிரல்மொழியின் விதிகளைப் பற்றி ஜான் பேக்கஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெற்றது.

தமிழில் ‘தொடரியல்’ என்பது பரவலாக வழங்குகிறது. மொழியியலுக்கு அது மிகவும் பொருந்தும். ஏனெனில் ‘இயல்’ என்பது ஒரு துறையைச் சுட்டுகிறது. ஆனால் கோப்பில் பிழைபடுவது துறையன்று, தொடரின் அமைப்பு. ஆகவே இங்கே ‘தொடரமைப்பு’ என்பதே ஏற்ற சொல் என்று உறுதியாகக் கருதுகிறேன். சிண்டாக்ஸ் எரரைத் ‘தொடரமைப்பு வழு’ எனலாமா? திணை, பால், இடம் முதலிய ஏழிலும் நேரும் குற்றத்தை நன்னூல் வழு என்றே சொல்கிறது. எனினும் மென்பொருளின் ‘பக்’கிற்கு, அதாவது நிரலில் உள்ள குறைபாட்டிற்கு, அச்சொல் வழங்கிவிட்டதால், குழப்பம் நேராதபடி ‘தொடரமைப்புப் பிழை’ என்பது நன்று.

என்ஜின்எக்ஸ் என்னும் இணையச் சர்வர் மென்பொருளின் கோப்பில் எளிய கட்டளை ஒவ்வொன்றும் அரைப்புள்ளியில் (;) முடியவேண்டும். அது விடுபட்டால் அடுத்த வரியும் அதே கட்டளையின் தொடர்ச்சியாகப் படிக்கப்படுவதால், பிழைச்செய்தி பிந்தைய வரி எண்ணையே காட்டும். எனவே முந்தைய வரியையும் பார்க்கவேண்டும். அப்பாச்சி என்னும் மற்றோர் இணையச் சர்வர் மென்பொருளில், திறந்த பகுதியை மூடாமல் விடுவது இத்தகைய பிழை. கோப்பு சரியாக இருந்தால் ‘சிண்டாக்ஸ் ஓகே’ என்ற விடை வரும்.

இச்சரிபார்ப்பு பொருளைச் சோதிப்பதில்லை. சர்வர் இணைப்புகளை ஏற்கும் வாயிலைச் சுட்டும் போர்ட் எண்ணாக 80 என்பதற்குப் பதிலாக 8080 என்று எழுதியிருந்தாலும் தொடரமைப்பு சரியே. மாறாக, கோப்பில் குறிப்பிட்ட, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அவ்விடத்தில் இல்லையென்றால் என்ஜின்எக்ஸின் சோதனை அதையும் தெரிவிக்கும். அது தொடரமைப்பைத் தாண்டியதாதலால், அந்தச் சோதனையை ‘உள்ளமைவுச் சோதனை’ என வேறுபடுத்தி வழங்குவதே முறை.