ஓதம் ஏறிய சுவருக்குச் சிமெண்ட் மருந்தல்ல

ஓதம் ஏறி, அதாவது சுவருக்குள் ஈரம் ஊறி, இந்த ஆண்டில் இதே கோலத்தில் நான் பார்த்த ஆறாவது வீடு அது. கும்பகோணத்தில், 18 அங்குல கனமுள்ள சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்குத் தூண், முற்றம் என எல்லாம் திடமாக நிற்க, கூடத்துச் சுவரில் மட்டும் தரையிலிருந்து 5 அடி உயரத்துக்குப் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்திருந்தது. சாவியால் சுரண்டியபோது அரிசி மாவைப்போல் வெள்ளை உப்பு உள்ளங்கையில் கொட்டியது. மூன்று முறை வாட்டர் ப்ரூஃப் அடித்தாகிவிட்டது என்றும், முதல் முறை ஓதம் 2 அடியில்தான் இருந்தது என்றும் வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். அதை 5 அடிக்கு ஏற்றியது அவர் செலவழித்த பணம்தான் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஓதம் சுவரின் மேல்தோலில் வரும் வியாதி, தண்ணீர் புகாத எதையாவது பூசினால் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையை எத்தனை வீடுகளில்தான் மறுப்பது? பூச்சு தடுக்கப்போகும் தண்ணீர் ஏற்கெனவே செங்கல்லுக்குள் இருக்கிறது; வெளியேறத்தான் வழி தேடுகிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் சிமெண்டும், சுவரை வழவழப்பாக்கும் புட்டியும், பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறியதும், கீழே உலர முடியாத ஈரம் பூச்சு முடியும் இடத்தைத் தாண்டி மேலே ஏறி அங்கே உலர்கிறது. 4 அடிக்கு டைல்ஸ் ஒட்டுங்கள், ஐந்தாவது அடியில் உப்புப் பூக்கும். எந்த கம்பெனி பெயிண்ட் நல்லது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பூச்சு எவ்வளவு உயர்தரமோ அவ்வளவு அடைப்பு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுவரே காட்டும். தரையோரம் பட்டையாக இருந்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது. சுவர் நடுவில் தனித் திட்டாக, மே மாதத்திலும் காயாமல் இருந்தால் உள்ளே போகும் குழாயைச் சந்தேகியுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கூரையை ஒட்டியிருந்தால் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். ஈரம் அளக்கும் மீட்டரைச் சுவரில் குத்திப் பயமுறுத்துகிறவர்களை அப்படியே நம்ப வேண்டாம், உப்பு இருக்கும் சுவரில் அந்தக் கருவி ஈரத்தைக் கூட்டியே காட்டும்.

கும்பகோணத்து வீட்டில் நான் பக்கத்துச் சந்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். அது சாக்கடைக்குப் போகாமல் நேராகச் சுவரடிக்கு வந்து நின்றது. சந்துக்குச் சிமெண்ட் தளம் போட்டவர் சரிவை வீட்டைப் பார்த்து விட்டிருக்கிறார். போதாததற்கு, பழைய தாரைச் சுரண்டாமல் சாலையை மேலே மேலே போட்டதில், திண்ணைக்கு ஏறும் மூன்று படிகளில் ஒன்றுதான் மிச்சம்.

சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து, ஜல்லி நிரப்பிய வடிகால் அமைத்துத் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பினோம். ஓதக் கறைக்கு மேலும் ஓர் அடிவரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். உப்பைக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடியும் உள்ளேதான் போகும்; காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, அள்ளி வெளியே கொட்டுங்கள். பிறகு காத்திருங்கள். சுவர் காய, அதன் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தோராயக் கணக்கு. அதன்பின் சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை, வேறெதுவும் வேண்டாம். வேலையை மாசியில் தொடங்குங்கள், ஐப்பசி மழை தொடங்கியபின் என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை. ஈரச் சுவரில் ஸ்விட்ச் போர்டு சுருக்கென்று இழுத்தால் மெயினை அணைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

வரும் தையில் மகளுக்கு நிச்சயதார்த்தம், செங்கல் தெரிய நிற்கும் சுவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்கு மட்டும் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, மறுநாள் காலையில் மறக்காமல் கழற்றிவிடுங்கள் என்றேன்.