எஸ்எஸ்டி: எதற்கு எதிரே இந்தச் ‘சாலிட்’?

“எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் என்ன விலை?” சென்னை ரிச்சி தெருவில் கால் மணி நேரம் நின்றால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். எஸ்எஸ்டி என்றால் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வந்த சேமிப்புக் கருவி. கறாராகப் பார்த்தால் ‘மோட்டார் வைத்த மாட்டுவண்டி என்ன விலை’ என்பது மாதிரிதான். கடைக்காரர் திருத்த மாட்டார், எடுத்துக் கொடுத்துவிடுவார். கேட்பவர் மேலும் தப்பில்லை. பெயரே அப்படி.

போன மாதம் என் மெல்லிய மடிக்கணினியைப் பிரித்து, நிரம்பிப்போன 256 ஜிபி எஸ்எஸ்டியை எடுத்துவிட்டு 1 டிபி ஒன்றைப் பொருத்தினேன். கழற்றிய ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள் தம்பி மகள். பிளஸ் டூ படிக்கிறாள். வேதியியலில் ‘திட நிலைமை’ பாடம் நடக்கிறது. “சாலிட் ஸ்டேட்னா திட நிலைதானே பெரியப்பா? அப்போ பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் என்ன, தண்ணியா?” என்றாள்.

சரியான இடத்தில்தான் கை வைத்தாள். ஹார்ட் டிஸ்க்கும் இரும்பும் அலுமினியமுமாகத் திடமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் இந்தச் ‘சாலிட்’ எதைப் பார்த்துச் சொன்னது?

வெற்றிடத்தைப் பார்த்து. அந்தக்கால ரேடியோவுக்குள் வால்வு என்று ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். சூடான முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, அந்த வெற்றிடத்தில் பாய்ந்து எதிர்த் தகட்டை அடையும். சூடேறும்வரை ரேடியோ பேசாது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டைனும் ஒரு சிறு ஜெர்மானியத் துண்டை வைத்து அதே வேலையைச் செய்து காட்டினார்கள். டிரான்சிஸ்டர் பிறந்தது அப்போதுதான். இதில் எலெக்ட்ரான் வெற்றிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை; திடமான படிகத்துக்குள்ளேயே நகர்கிறது. ‘சாலிட் ஸ்டேட்’ என்ற பெயர் மின்னணுவியலில் ஒட்டிக்கொண்டது இந்த வேறுபாட்டால். வால்வு போய்விட்டது என்று பெருமையடித்துக்கொள்ள ரேடியோப் பெட்டியின் முகப்பிலேயே அந்த இரண்டு சொற்களை அச்சடித்து விற்ற காலமும் உண்டு. நம் ஊரில் அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. ரேடியோவையே ‘டிரான்சிஸ்டர்’ என்று சொல்லிவிட்டோம்.

சேமிப்புக் கருவிக்கு வந்தபோது அந்தச் சொல்லின் பொருள் ஓரடி நகர்ந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையிலும் டிரான்சிஸ்டர்கள்தானே இருக்கின்றன? ஆகவே பழைய பொருளில் அதுவும் சாலிட் ஸ்டேட்தான். ஆனால் அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது, அதன் மேல் ஒரு முனை இப்படியும் அப்படியும் ஆடுகிறது. எஸ்எஸ்டியில் அசைவதற்கு ஒன்றுமே கிடையாது. ஆக, ‘வெற்றிடக் குழல் இல்லாதது’ என்ற சொல் ‘அசையும் பாகம் இல்லாதது’ என்று ஆகிவிட்டது.

அசையாமல் எப்படி நினைவில் வைக்கிறது? உள்ளே இருப்பது ஃபிளாஷ் சில்லுகள், அதாவது சிப்புகள். எலெக்ட்ரான்களை மின்கடத்தாப் படலத்துக்கு உள்ளே சிறைவைத்துவிடுவார்கள். மின்சாரம் போனாலும் அவை அங்கேயே கிடக்கும். ஜப்பானில் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-இல் இந்த வகையை உலகத்துக்கு அறிவித்தார். இன்று எஸ்எஸ்டிகளில் இருக்கும் நாண்ட் வகை 1987-இல் வந்தது. இதில் ஒவ்வொரு துளியாக அழிக்க முடியாது, ஒரு தொகுதியையே ஒரே மூச்சில் அழிக்க வேண்டும். அது கேமரா ஃபிளாஷ் மின்னுவது மாதிரி இருக்கிறதே என்று மசுவோகாவின் சகா ஒருவர் சொன்னதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது.

அடுத்தது ‘டிரைவ்’. ஐபிஎம் 1956-இல் கொண்டுவந்த முதல் வட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அலமாரி அளவுப் பெட்டி. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். தட்டுகளை மோட்டார் சுழற்றியது. ஓட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தது, டிரைவ் என்ற பெயரிலும் நியாயம் இருந்தது. எஸ்எஸ்டியில் மோட்டாரே இல்லாதபோது அந்தப் பெயர் எதற்கு? ஹார்ட் டிஸ்க் மாதிரி நடித்ததால்தான். பின்னாளில் சான்டிஸ்க் ஆன நிறுவனம் 1991-இல் 20 எம்பி கொள்ளளவில் ஓர் எஸ்எஸ்டியை 2.5 அங்குல வடிவத்தில் தந்தது. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கின் அதே உருவம். கணினிக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்பதுதான் யோசனை. இப்போதும் மலிவான 2.5 அங்குல எஸ்எஸ்டியைத் திறந்து பார்த்தால் பலவற்றில் பாதிக்கு மேல் காலி இடம்.

மெல்லிய மடிக்கணினிகள் வந்ததும் அந்தக் காலி இடத்தைச் சுமக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளிருக்கும் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதுதான் எம்.2. அதன் மேல் 2280 என்று இருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டைகளும் உண்டு.

இந்த இடத்தில் நான் ஒரு தடவை சறுக்கினேன். நீளம், அகலம், வேகம் எல்லாம் பார்த்து வாங்கினேன்; பருமனைப் பார்க்கவில்லை. வந்த அட்டையில் இரண்டு பக்கமும் சில்லுகள். பொருத்தி மூடினால் அடிமூடி லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அட்டை வகைக் குறியில் எஸ் என்று ஆரம்பித்தால் ஒரு பக்கம் மட்டும் சில்லு, டி என்றால் இரு பக்கமும். எஸ்3 என்பதில் சில்லு அட்டைக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர் உயரும். டி5 என்றால் கீழேயும் இன்னொரு ஒன்றரை. மெலிந்த கணினியில் அந்த ஒன்றரைக்கு இடம் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டு ஒருபக்க அட்டை வாங்கினேன்.

பொருத்துவது பத்து நிமிட வேலைதான், பிரிப்பதுதான் அதிகம். ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தேடி, பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு மூடியை நெம்ப வேண்டும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், மற்றது அப்புறம். அட்டையைச் சாய்வாகச் செருகினால் தங்க முனைகள் உள்ளே போய் மறையும். கையை எடுத்தால் மறுமுனை தானாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் நிற்கும். படுக்க வைத்து, அரிசிமணி மாதிரியான அந்த ஒற்றை ஸ்க்ரூவை முடுக்கினால் முடிந்தது. செருகும் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். இதை ‘எம் கீ’ என்பார்கள். ஓரிடத்தில் ‘எம் சாவி’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் படித்துவிட்டு, பெட்டியில் சாவியைத் தேடாத குறைதான். தவறான அட்டை உள்ளே போகாமல் தடுக்கிற வெட்டு அது. ‘பொருந்துவெட்டு’ என்றால் பார்த்ததும் புரியும்.

இனி, எஸ்எஸ்டிக்குத் தமிழ். ‘திட நிலை இயக்ககம்’, ‘திண்மநிலை இயக்ககம்’, ‘திண்மநிலை நினைவகம்’ என்று பலவிதமாக எழுதுகிறார்கள். திடம் வடமொழி வழி வந்தது. திண்மம் நம்முடைய ‘திண்’ணிலிருந்து, ‘எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்’ என்று வள்ளுவர் சொல்லும் உறுதி அதுதான். எனக்குத் திண்மநிலை பிடிக்கிறது. ஆனால் ‘நிலை’யை விட்டுவிடக் கூடாது. ‘திண்மச் சேமிப்பகம்’ என்று சுருக்கினால் இலங்கையில் திண்மக் கழிவு சேர்க்கும் இடம் என்று நினைப்பார்கள்.

இயக்ககத்தோடுதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. டிரைவர் மென்பொருளுக்கு இயக்கி, ஓஎஸ்ஸுக்கு இயங்குதளம் என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம். ‘இயக்ககத்தில் இயங்குதளத்தை நிறுவியபின் இயக்கிகளை நிறுவவும்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அதைவிட, உள்ளே எதுவும் இயங்காத ஒன்றுக்கு இயக்ககம் என்று பெயர் வைப்பது ஆங்கிலத்தின் பழைய மிச்சத்தை நாமும் சுமப்பது. ‘நினைவகம்’ ஏற்கெனவே கணினியின் ரேமுக்குப் போய்விட்டது. கடையில் 16 ஜிபி நினைவகம் கேட்டவருக்கு எதை எடுத்துக் கொடுப்பது?

எனவே சேமிப்பகம். சில்லுச் சேமிப்பகம் என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். யாழ்ப்பாண நண்பர் சிரித்தார்: அவர் ஊரில் சில்லு என்றால் சைக்கிள் சக்கரம். சுற்றுவதே இல்லை என்பதுதான் இதன் சிறப்பு, அதற்குப் போய்ச் சக்கரம் என்று பெயரா! ‘அசையாச் சேமிப்பகம்’ என்பதுதான் பொருளுக்கு மிக நெருக்கம், ஆனால் பத்திரப்பதிவு அலுவலக வாடை அடிக்கிறது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறதை அசையாதது என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் ‘திண்மநிலைச் சேமிப்பகம்’ என்றே எழுதுகிறேன். வாயில் எஸ்எஸ்டிதான் வருகிறது, வரட்டும். கழற்றிய பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் யுஎஸ்பி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பெயர்ச்சீட்டு எழுதியவள் தம்பி மகள். 80 மில்லிமீட்டர் நீளத்தில் ‘திண்மநிலைச் சேமிப்பகம், 256 ஜிபி’ முழுசாகவே கொண்டது. பேனா முனைதான் கொஞ்சம் மெலிசாக வேண்டியிருந்தது.