வெட்னரி நர்ஸ்: 'உதவி மருத்துவர்' அல்ல, கால்நடைச் செவிலியர்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தரும் வழிகாட்டித் தாள்களில் 'வெட்னரி நர்ஸ்' வேலையைக் 'கால்நடை உதவி மருத்துவர்' என்று போடுகிறார்கள். வருடா வருடம் இதே பிழை.

நர்ஸ் என்பதன் லத்தீன் வேருக்கு ஊட்டி வளர்ப்பது என்று பொருள். நம் செவிலியும் அதேதான்: பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல்.

கால்நடை உதவி மருத்துவர் என்பது நம் அரசு மருந்தகத்தில் ஊசி போடும் டாக்டரின் பதவிப் பெயர். ஐந்தரை ஆண்டு பட்டப்படிப்பு முடித்துப் பதிவு பெற்றவர் அவர். தாளைப் படிக்கும் பிள்ளை 'நமக்குக் கட்-ஆஃப் வராது' என்று ஒதுங்கிவிடும். சரி, 'கால்நடை மருத்துவ உதவியாளர்' என்று திருத்தலாமே என்கிறார்கள். அதுவும் வேண்டாம். துறையில் ஏற்கெனவே 'கால்நடைப் பராமரிப்பு உதவியாளர்' இருக்கிறார். அது வேறு வேலை. புரியாத பதவிக்கெல்லாம் 'உதவியாளர்' ஒட்டுவது நம் மொழிபெயர்ப்பாளர்களின் சோம்பல். தொழிலைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் வரும். கருத்தடை முடிந்த தெருநாய்க்கு மயக்கம் தெளியும்வரை உடல்சூடு இறங்கும். ஊட்டிக் குளிரில் இன்னும் வேகமாக இறங்கும். கம்பளி போர்த்தி, மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரை எடுபிடியாக்கும் பெயர் எதற்கு?

'விலங்குச் செவிலி' என்று வைக்கலாமே என்றால், விலங்கே செவிலி என்று படிக்க இடமிருக்கிறது. நாயும் பூனையும் கால்நடையா என்று கேட்பவர்கள், அவற்றைத் தூக்கிக்கொண்டு போவது கால்நடை மருத்துவமனைக்குத்தான். வெட்னரியின் லத்தீன் மூலமும் பொதி சுமக்கும் விலங்குகளைக் குறித்ததுதான். ஆகவே கால்நடைச் செவிலியர்.

பிரிட்டனில் இதற்குப் பட்டயமோ பட்டமோ படித்து, ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி (படிக்கும் கல்லூரி அல்ல, தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) வைத்திருக்கும் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். அங்கே மருத்துவர் பணித்தால், வயிறு, மார்பு போன்ற உடற்குழிக்குள் போகாத சிறு அறுவையைச் செவிலியரே செய்யச் சட்டம் இடம் தருகிறது. நம் 1984-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் மருத்துவருக்குத்தான் பதிவேடு. பட்டயம், சான்றிதழ் பெற்றவர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்யலாம், அவ்வளவே. இந்த வேறுபாட்டைத் தாளில் இரண்டு வரியில் எழுதுங்கள். வெளிநாடு போக நினைக்கும் பிள்ளை எங்கே படிப்பது, எங்கே பதிவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.