மீனோட உச்சந்தலைக்கும் இருட்டு வேணுங்க

இந்த மாசத்துல நான் பார்க்கப் போன சீக்கு மீன் தொட்டியில இது மூணாவது. கோபிக்குப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை வீடு. சிமெண்ட் தொட்டியில கொய் கெண்டைங்க தீனி எடுக்காம, துடுப்பு அரிச்சு, ஒரு மூலையில ஒதுங்கி நின்னுச்சு. தண்ணியைச் சோதிச்சா குறை ஒண்ணுமில்ல. பொழுது விழுந்தப்புறம்தான் பிடி கெடச்சுது: திருட்டுப் பயத்துக்குன்னு தொட்டிக்கு நேர் மேல விடிய விடிய எரியுற ஃபோகஸ் லைட்டு.

"உச்சிக்கு மேலதானுங்க மாட்டியிருக்கேன், கண்ணுல படாதுங்களே. அதுவுமில்லாம, கண்ணே மூடாத ஜீவனுக்கு ராத்திரி என்னங்க, பகல் என்னங்க?"ன்னார் தோட்டத்துக்காரர்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்தாமையாப் போச்சு. இமை இல்லாட்டி ராத்திரியும் இல்லைன்னு யாருங்க சொன்னது? நீங்க மாட்டியிருக்கிற இடம்தான் மீனுக்கு ரொம்பக் கூசுற இடம். உச்சந்தலையில, மண்டையோட்டுக்குக் கீழ பினியல்னு ஒரு சின்ன உறுப்பு இருக்குது. நம்ம பினியலுக்குக் கண்ணு வழியாத்தான் சேதி போகணும். மீனோடது தானே வெளிச்சத்தை உணரும். அதுல இருக்கிற செல்லுங்க கண்ணுல நிறம் பார்க்கிற கூம்புச் செல்லுங்களுக்குப் பங்காளிங்க. பல மீன்கள்ல அந்த இடத்துத் தோல்ல நிறமி கொறஞ்சு, ஜன்னல் வெச்சாப்பல இருக்கும். கண்ணிழந்த மினோங்கிற சின்ன மீனோட தலையில வெளிச்சம் பட்டா உடம்பு கருக்கும், இருட்டுனா வெளுக்கும்னு விலங்கியல் ஆராய்ச்சியாளர் கார்ல் வான் ஃப்ரிஷ் 1911லயே காட்டிட்டார்.

அங்கிருந்து ஒரு நரம்புக் கத்தை மூளைக்குள்ள இறங்கி ஹபெனுலா பக்கம், தலாமஸ், ஹைப்போதலாமஸ் ஓரம்னு மூளையோட பல பகுதிக்குப் பிரியுது. அதுல பெரும்பாலான நரம்புங்க இருட்டுலதான் விடாமத் துடிக்கும். வெளிச்சம் பட்டா அடங்கிரும். அதாவது, மூளைக்குப் போற சேதியே இருட்டைப் பத்தினதுதான். ராத்திரி வந்துருச்சுன்னு உடம்புக்குச் சொல்ற மெலடோனின்கிற ஹார்மோன் ரத்தத்துல ஏறுறதும் இருட்டுலதான். ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சா நரம்புச் சேதியும் போகாது, மெலடோனினும் ஏறாது.

"ஜீரோ வாட்ஸ் பல்பு தானுங்களே" என்கிறவங்களுக்கும் சொல்றேன்: பெர்ச் மீனுக்கு ராத்திரியில 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம் விழுந்தாலே மெலடோனின் கொறஞ்சிருது.

வீட்டுத் தொட்டிக்கு டைமர் பிளக் வாங்குங்க. நாளைக்கு 8லிருந்து 10 மணி நேரம் லைட்டு எரிஞ்சாப் போதும். பட்டுன்னு அணைக்காதீங்க, மீன் மெரண்டு கண்ணாடியில முட்டிக்கும். தொட்டி லைட்டை மொதல்ல அணைச்சுட்டு, அறை லைட்டைக் கொஞ்சம் பொறுத்து அணைங்க. தோட்டத்துல ஃபோகஸை வேலிப் பக்கம் திருப்பி, தண்ணியில விழாம மறைப்புக் கட்டுங்க. கொக்குக்குப் பயந்தா வலை போடுங்க. ராத்திரி வந்த விருந்தாளிக்குக் காட்டறேன்னு டார்ச் அடிக்காதீங்க, சாமி.

இனிமே வாட்ஸப்புல சீக்கு மீன் படம் அனுப்பறவங்க, அந்தத் தொட்டி ராத்திரி 11 மணிக்கு எப்படி இருக்குன்னு இன்னொரு படமும் சேர்த்து அனுப்புங்க. மருந்தை அதுக்கப்புறம் பேசிக்கலாம்.